தண்ணீரில் குளோரின் அளக்க எதை வாங்கலாம்? ஓ.டி. கிட், டிபிடி, டைட்ரேஷன், ஆன்லைன் சென்சார்: ஓர் ஒப்பீடு

போன மாதம் மூன்று பேர் ஒரே கேள்வியோடு வந்தார்கள். ஒருவர் அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கச் செயலாளர். நூற்றிருபது வீடுகள், லாரித் தண்ணீரும் போர்த் தண்ணீரும் ஒரே சம்ப்பில் கலக்கின்றன. இன்னொருவர் ஒரு சிறிய ஊரின் நீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் வேதியியல் பட்டதாரி. மூன்றாமவர் டயாலிசிஸ் மையத்தில் தண்ணீர்ப் பிரிவைப் பார்த்துக்கொள்பவர். "குளோரின் அளக்கணும் சார், எந்தக் கருவி நல்லது?" என்பதுதான் மூவரும் கேட்டது.

மூவருக்கும் நான் சொன்ன பதில் வேறு வேறு. நீர்ப் பரிசோதனைக் கூடத்தில் பல வருடம் வேலை பார்த்ததில் ஒன்று நன்றாகத் தெரிந்துவிட்டது: குளோரின் அளக்கும் ஒவ்வொரு முறையும் ஏதோ ஒரு விதத்தில் தவறும். தவறாத கருவியைத் தேடினால் கிடைக்காது. உங்கள் தண்ணீரில் அது எப்படித் தவறும், அந்தத் தவறை உங்களால் கண்டுபிடிக்க முடியுமா என்று பார்த்து வாங்க வேண்டும்.

## கடைக்குப் போவதற்கு முன்

முதல் கேள்வி, எந்தக் குளோரின்? தண்ணீரில் பிளீச்சிங் பவுடரோ குளோரின் வாயுவோ சேர்த்ததும் ஹைப்போகுளோரஸ் அமிலமும் ஹைப்போகுளோரைட்டும் உண்டாகின்றன. இவை இரண்டும் சேர்ந்ததுதான் ஃப்ரீ குளோரின். தண்ணீரில் அமோனியா இருந்தால் (சாக்கடை கலந்த ஆற்று நீரில் கட்டாயம் இருக்கும்) குளோரின் அதோடு சேர்ந்து குளோரமின் ஆகிவிடும். இது கிருமியைக் கொல்லும், ஆனால் மெதுவாகத்தான். இரண்டையும் கூட்டினால் டோட்டல் குளோரின். குடிநீருக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 10500 கேட்பது ஃப்ரீ குளோரினை: குழாய் முனையில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம், வைரஸ் தொற்று பயம் இருக்கும்போது 0.5. டயாலிசிஸுக்கு வேண்டியதோ டோட்டல். அங்கே ஃப்ரீ மட்டும் அளந்துவிட்டு நிம்மதியாக இருப்பது ஆபத்து.

இரண்டாவது, எந்த அளவு? லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் என்பதை இனி ஒரு பிபிஎம் என்றே சொல்கிறேன், தொழிலில் அப்படித்தான் பேச்சு. குழாயில் 0.2 பிபிஎம் பார்ப்பதற்கும், கழுவிய தொட்டியில் 50 பிபிஎம் பார்ப்பதற்கும், மூட்டையில் இருக்கும் பிளீச்சிங் பவுடரில் எத்தனை சதவீதம் குளோரின் என்று பார்ப்பதற்கும் ஒரே கருவி உதவாது.

மூன்றாவது, தண்ணீரில் வேறு என்ன இருக்கிறது? மாங்கனீசு, இரும்பு, கலங்கல், காரத்தன்மை, அமோனியா. உங்கள் தண்ணீரின் முழுப் பரிசோதனை அறிக்கை ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு முடிவெடுங்கள்.

நான்காவது, யார் அளப்பார்கள்? காலை ஆறு மணிக்கு வால்வு திறக்கிற டேங்க் ஆபரேட்டரா, கூடத்தில் உட்கார்ந்திருக்கும் கெமிஸ்ட்டா? அப்புறம், வந்த எண் சரிதானா என்று எதை வைத்துச் சரிபார்ப்பீர்கள், வருடத்துக்கு ரீஏஜென்ட் (சோதனைக்குச் சேர்க்கும் மாத்திரை, பொடி, கரைசல்) செலவு எவ்வளவு? கருவியின் விலையை எல்லோரும் கேட்கிறார்கள், இந்த இரண்டையும் கேட்பவர்கள் குறைவு.

## ஓ.டி. கரைசலும் குளோரோஸ்கோப்பும்

பல ஊர்த் தொட்டிகளின் கீழே இன்றும் இருப்பது இதுதான். குளோரோஸ்கோப் என்பது சின்ன பிளாஸ்டிக் பெட்டி, இரண்டு குழல்கள், ஒரு சொட்டுப் பாட்டில். ஆர்த்தோடாலிடின் (சுருக்கமாக ஓ.டி.) சில சொட்டு விட்டால் தண்ணீர் மஞ்சளாகும், பக்கத்தில் இருக்கும் நிற அட்டையோடு ஒப்பிட வேண்டும். சில நூறு ரூபாயில் கிடைக்கும், மின்சாரம் வேண்டாம், யார் வேண்டுமானாலும் பத்து நிமிடத்தில் கற்றுக்கொள்ளலாம். "குளோரின் போட்டாங்களா, போடலையா" என்ற கேள்விக்கு இது பதில் சொல்லும்.

அதற்கு மேல் இதை நம்ப முடியாது. ஆர்த்தோடாலிடின் ஃப்ரீ குளோரினோடு உடனே வினை புரியும், குளோரமினோடு கொஞ்சம் தாமதமாக. சொட்டு விட்ட சில நொடிகளுக்குள் பார்த்தால் ஃப்ரீ, ஐந்து நிமிடம் கழித்துப் பார்த்தால் டோட்டல் என்பது பழைய கணக்கு. அந்தக் கணக்கு குளிர்ந்த தண்ணீருக்கு எழுதப்பட்டது. நம் ஊர் மே மாதத்தில் தொட்டித் தண்ணீர் கைசுடுகிறது; குளோரமினும் அவசரப்பட்டு மஞ்சளாகிவிடும். பெட்டியில் 0.5 என்று தெரிவதில் ஃப்ரீ குளோரின் எவ்வளவு என்று யாராலும் சொல்ல முடியாது. நைட்ரைட், இரும்பு, மாங்கனீசு மூன்றும் இதே மஞ்சளைத் தரும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஆர்த்தோடாலிடின் புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்று வகைப்படுத்தப்பட்ட பொருள். அமெரிக்காவின் நீர்ப் பரிசோதனைத் தரநூல் 1970களிலேயே இந்த முறையைக் கைவிட்டுவிட்டது. சொட்டுப் பாட்டிலை வாயால் கடித்துத் திறக்கும் ஆபரேட்டர்களைப் பார்த்திருக்கிறேன். கிராமத்துக் கிட்டை இனி புதிதாக வாங்குபவர்கள் இதே அளவுப் பெட்டியில் டிபிடி (குளோரின் பட்டால் ரோஜா நிறமாகும் சேர்மம்) மாத்திரையோடு வருவதை வாங்குங்கள். விலை கொஞ்சம் கூடும், கையில் படும் விஷம் குறையும், ஃப்ரீ குளோரின் தனியாகத் தெரியும்.

## டிபிடி கலரிமீட்டர்

பெரும்பாலானவர்கள் கடைசியில் வந்து சேரும் இடம் இது, அதனால் இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். பாலின் என்ற ஆங்கிலேய வேதியியலாளர் 1950களில் உருவாக்கிய முறை. டிபிடி என்ற சேர்மம் குளோரினோடு சேர்ந்து ரோஜா நிறமாகும். நிறத்தின் அடர்த்தியை 515 நானோமீட்டர் அலைநீளத்தில் கருவி அளக்கும். முதல் மாத்திரையோ பொடியோ போட்டு ஒரு நிமிடத்துக்குள் பார்த்தால் ஃப்ரீ. பொட்டாசியம் அயோடைடு சேர்ந்த இரண்டாவதைப் போட்டு மூன்று நிமிடம் கழித்துப் பார்த்தால் டோட்டல். ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தால் குளோரமின்.

விலை சில ஆயிரத்தில் தொடங்கி அரை லட்சத்தையும் தாண்டும். விலை கூடக் கூடத் துல்லியமும் கூடும் என்று நினைக்க வேண்டாம். கையில் பிடிக்கும் மலிவான ஒற்றை அளவுக் கருவியை ஒழுங்காகப் பயன்படுத்தினால் குடிநீர் வேலைக்குப் போதும். விலையுயர்ந்த கருவியில் கிடைப்பது பதிவு வசதி, நிறைய அளவுகள், தரச் சான்றிதழ்.

இது தவறும் வழிகளை வரிசையாகச் சொல்கிறேன். எல்லாமே நான் நேரில் பார்த்தவை.

ஒரு முறை பெரிய தொட்டி ஒன்றைக் கழுவி, நிறைய குளோரின் போட்டு ஊறவைத்திருந்தார்கள். ஆபரேட்டர் குப்பியில் தண்ணீர் பிடித்து மாத்திரையைப் போட்டார். மாத்திரை விழுந்த இடத்தில் ஒரு ரோஜாக் கீற்று எழுந்தது. குப்பியைக் குலுக்கியதும் அது மறைந்து, தண்ணீர் பளிங்காக நின்றது. கருவி 0.04 காட்டியது. "குளோரின் இல்ல சார், இன்னொரு வாளி கலக்கட்டுமா?" என்று கேட்டார். குப்பியின் வாயில் பிளீச்சிங் நெடி மூக்கைத் துளைத்தது. குளோரின் மிக அதிகமாக இருந்தால் டிபிடியின் நிறத்தையே வெளுத்துவிடும். அந்தத் தண்ணீரில் 10 மில்லியை எடுத்து, காய்ச்சி வடித்த நீரால் 500 மில்லி ஆக்கி மறுபடியும் பார்த்தோம்: 0.8 வந்தது. ஐம்பதால் பெருக்கினால் 40 பிபிஎம். பூஜ்யத்துக்கும் நாற்பதுக்கும் கருவி ஒரே எண்ணைக் காட்டும். நிறம் தோன்றி மறைந்தால், அல்லது நெடி இருந்தும் எண் வராவிட்டால், நீர்த்துப் பாருங்கள்.

அடுத்தது அயோடைடு. டோட்டல் அளந்த குப்பியை வெறுமனே ஒரு தடவை அலசிவிட்டு அதிலேயே அடுத்த ஃப்ரீ குளோரினை அளப்பார்கள். ஒட்டியிருக்கும் துளி அயோடைடு போதும், குளோரமினும் ஃப்ரீயாகக் கணக்கில் வந்துவிடும். ஃப்ரீக்கு ஒரு குப்பி, டோட்டலுக்கு ஒரு குப்பி என்று நிற ஸ்டிக்கர் ஒட்டி வைத்துவிடுங்கள். செலவே இல்லாத வேலை.

நேரமும் முக்கியம். ஃப்ரீ அளவை ஒரு நிமிடத்துக்குள் பார்க்கச் சொல்வதற்குக் காரணம், அதற்கு மேல் வைத்தால் குளோரமினும் மெல்ல நிறம் தர ஆரம்பிப்பதுதான். தண்ணீர் சூடாக இருந்தால் இன்னும் சீக்கிரம். குப்பியைக் கருவியில் வைத்துவிட்டு போன் பேசினால் ஃப்ரீ குளோரின் ஏறிக்கொண்டே போகும்.

போர்த் தண்ணீர் கலக்கும் இடங்களில் மாங்கனீசைக் கட்டாயம் பார்க்க வேண்டும். குளோரின் பட்டதும் மாங்கனீசு ஆக்சிஜனேற்றம் அடையும், அது டிபிடியை அப்படியே ரோஜா நிறமாக்கும். குளோரின் துளியும் இல்லாத தண்ணீரில் 0.3 காட்டும், நீங்களும் தண்ணீர் பாதுகாப்பானது என்று நினைத்துக் குடிப்பீர்கள். கூடத்தில் இதைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது: மாதிரியில் முதலில் சோடியம் ஆர்சனைட் சேர்த்துக் குளோரினை அழித்துவிட்டு அப்புறம் டிபிடி போட வேண்டும். அப்போதும் வரும் நிறம் மாங்கனீசுடையது, அதைக் கழித்துக்கொள்ள வேண்டும். ஆர்சனைட் விஷம், வீட்டில் செய்யும் வேலை இல்லை. மாங்கனீசு இருக்கும் போர் என்று தெரிந்தால் ஒரு தடவை கூடத்துக்கு அனுப்பி இந்தத் திருத்தம் எவ்வளவு என்று தெரிந்துகொள்ளுங்கள்.

கலங்கல் தண்ணீருக்கு, ரீஏஜென்ட் போடாத அதே தண்ணீரை வைத்துப் பூஜ்யம் செய்ய வேண்டும். காரத்தன்மை மிகுந்த தண்ணீரில் மாத்திரையில் இருக்கும் பஃபர் (அமில-கார நிலையை மாறாமல் வைக்கும் பொருள்) போதாமல் நிறம் முழுதாக வராது. குப்பியில் விரல் ரேகை, கீறல், பழைய ரோஜாப் படிவு என்று எது இருந்தாலும் எண் மாறும். கடற்கரை ஊர்களில் காற்றின் ஈரத்தில் டிபிடிப் பொடி தானாகவே கெடும். காய்ச்சி வடித்த நீரில் போட்டால் நிறமே வரக் கூடாது. வந்தால் அந்தப் பாக்கெட்டைத் தூக்கிப் போடுங்கள்.

குளத்துக்கும் கிணற்றுக்கும் குளோரின் மாத்திரை போடுபவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்த மாத்திரைகளில் பல, சயனூரிக் அமிலத்தோடு குளோரினைச் சேர்த்துச் செய்தவை. அமிலம் பிடித்துவைத்திருக்கும் குளோரினையும் டிபிடி ஃப்ரீ என்றே கணக்கிடும். திரும்பத் திரும்ப இதே மாத்திரையைப் போடும் நீச்சல் குளத்தில், கருவி சொல்லும் அளவுக்குக் கிருமி சாவதில்லை.

சரி, இவ்வளவு குறை சொல்லியும் இதைத்தான் பலருக்குப் பரிந்துரைக்கிறேன். காரணம், மேலே சொன்னவற்றில் பெரும்பாலானவற்றை ஒரு சாதாரண மனிதரால் இரண்டு நிமிடத்தில் சோதித்துப் பார்க்க முடியும், மாங்கனீசையும் சயனூரிக் அமிலத்தையும் தவிர.

எண்ணைச் சரிபார்க்க ஒரு நல்ல வழி பொட்டாசியம் பர்மாங்கனேட். குளோரின் கரைசலைத் தரமாதிரியாக வைத்துக்கொள்ள முடியாது, வைத்திருக்கும்போதே குறைந்துபோகும். பர்மாங்கனேட் அப்படியில்லை, டிபிடியோடு குளோரின் மாதிரியே நிறம் தரும். 0.891 கிராமை ஒரு லிட்டரில் கரைத்து, அதில் 10 மில்லியை 100 மில்லி ஆக்கி, அந்தக் கரைசலில் 1 மில்லியை மறுபடியும் 100 மில்லி ஆக்கினால் 1.0 பிபிஎம் குளோரினுக்குச் சமம். கடைசியாக நீர்த்ததை அன்றைக்கே, உடனே பயன்படுத்திவிட வேண்டும். கருவியோடு வரும் ஜெல் குப்பிகள் கருவியின் விளக்கையும் கண்ணையும்தான் சோதிக்கும். உங்கள் மாத்திரை கெட்டுப்போயிருந்தால் அவற்றுக்குத் தெரியாது.

## டைட்ரேஷன்: மூன்று வகை

தெரிந்த அடர்த்தியுள்ள கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, வினை முடியும் புள்ளியை வைத்து அளப்பதுதான் டைட்ரேஷன். இது கூடத்துக்கான முறை. மூன்றையும் ஒன்றாகவே பார்த்துவிடலாம்.

அயோடோமெட்ரி எல்லோருக்கும் தெரிந்தது. அமிலம், பொட்டாசியம் அயோடைடு, தயோசல்பேட், கடைசியில் ஸ்டார்ச்சின் நீலம் மறைவது. டோட்டல் குளோரின் மட்டுமே தரும். ஒரு பிபிஎம்முக்குக் கீழே இதை நம்பி முடிவெடுக்க வேண்டாம். ஆனால் பிளீச்சிங் பவுடரையும் ஹைப்போகுளோரைட் கரைசலையும் அளக்க இதை மிஞ்சியது இல்லை, அந்த வேலையை யாரும் செய்யாமல் விடுவதுதான் எனக்கு வருத்தம். ஒரு கணக்கு பாருங்கள். ஒரு லட்சம் லிட்டர் தொட்டிக்கு 1 பிபிஎம் குளோரின் போட 100 கிராம் குளோரின் வேண்டும். புதிய பவுடரில் 33 சதவீதம் இருந்தால் 300 கிராம் பவுடர் போதும். மூட்டை வாய் திறந்து, மழைக்காலத்தில் மோட்டார் அறையில் கிடந்து 20 சதவீதத்துக்கு இறங்கியிருந்தால் 500 கிராம் வேண்டும். ஆபரேட்டர் வழக்கம்போல 300 கிராம் போடுவார். தெருக்கோடியில் பூஜ்யம் வரும். எல்லோரும் குழாயில் அளக்கும் கருவியைச் சந்தேகப்படுவார்கள்.

டிபிடி டைட்ரேஷனில் அதே ரோஜா நிறத்தை ஃபெரஸ் அமோனியம் சல்பேட்டால் நீக்க வேண்டும். பன்னிரண்டாம் வகுப்புச் செய்முறையில் பார்த்த அதே மோர் உப்புதான். நிறம் எப்போது மறைகிறது என்று கண் பார்ப்பதால் குப்பிக் கீறல், கருவியின் விளக்கு போன்ற தொல்லைகள் கிடையாது. அயோடைடைப் படிப்படியாகச் சேர்த்து ஃப்ரீ, மோனோகுளோரமின், டைகுளோரமின் என்று பிரித்தும் பார்க்கலாம். அமோனியா உள்ள ஆற்று நீரைச் சுத்திகரிக்கும் நிலையத்துக்கு இது பெரிய உதவி: குளோரினைக் கூட்டியும் ஃப்ரீ ஏறவில்லை என்றால் அது எங்கே போகிறது என்று இதில் தெரியும். மறைமுகச் செலவு என்றால், அந்த உப்புக் கரைசல் நிலைக்காது. மாதம் ஒருமுறை புதிதாகச் செய்து, டைக்ரோமேட்டால் தரம்பார்க்க வேண்டும். இதைச் செய்ய ஆள் இல்லாவிட்டால் பியூரெட் (கரைசலை அளந்து விடும் கண்ணாடிக் குழாய்) தூசி படிந்து கிடக்கும்.

ஆம்பெரோமெட்ரிக் டைட்ரேஷனில் நிறத்தையே பார்ப்பதில்லை, மின்னோட்டம் எப்போது மாறாமல் நிற்கிறது என்று பார்க்கிறோம். அதனால் கலங்கலும் நிறமும் இதைத் தொடாது, மிகக் குறைந்த அளவையும் எட்டும். ஆனால் கை பழக வேண்டும். வேகமாகக் கலக்கினால் குளோரின் காற்றில் போய்விடும், மெதுவாகக் கலக்கினால் முடிவுப் புள்ளி தெரியாது. தாமிரம் மின்முனையைக் கெடுக்கும். டைட்ரேஷனுக்கு ஊற்றும் ஃபினைல் ஆர்சீன் ஆக்சைடு ஆர்சனிக் சேர்மம், கழிவை வெளியேற்றத் தனி ஏற்பாடு வேண்டும். ஆராய்ச்சிக்கும், மற்றவர்களின் கருவிகளைச் சரிபார்க்கும் பெரிய கூடங்களுக்கும் உரியது. சிறிய நிலையம் இதை வாங்கி அலமாரியில் வைப்பதில் பயனில்லை.

## ஆன்லைன் சென்சார்

குழாயிலேயே மாட்டி, நிமிடத்துக்கு நிமிடம் எண் திரையில் ஓடுவது. குளோரின் செலுத்தும் டோசிங் பம்ப்பைத் தானாக இயக்க இது வேண்டும், நள்ளிரவில் குளோரின் சிலிண்டர் காலியானால் உடனே தெரிய இது வேண்டும். அந்த இரண்டு தேவையும் இருப்பவர்கள் தாராளமாக வாங்கலாம்.

எனக்கு இதில் பெரிய கவலை பிஎச், அதாவது தண்ணீரின் அமில-கார அளவு. சவ்வு வைத்த சென்சார்களில் பல, ஹைப்போகுளோரஸ் அமிலத்தை மட்டுமே உணரும். 25 டிகிரியில் பிஎச் 7 என்றால் ஃப்ரீ குளோரினில் முக்கால் பங்குக்குச் சற்று அதிகமாக அமிலமாக இருக்கும், பிஎச் 8 என்றால் கால் பங்குதான். குளோரின் துளியும் மாறாமல் பிஎச் மட்டும் 7இலிருந்து 8க்குப் போனால் திரையில் எண் மூன்றில் ஒன்றாக இறங்கும். பம்ப் அதை நம்பி மேலும் மேலும் குளோரினைத் தள்ளும். பிஎச் திருத்தம் தானாகச் செய்யும் மாதிரி, அல்லது உள்ளேயே பஃபர் வைத்திருக்கும் மாதிரி என்று கேட்டு வாங்குங்கள். இங்கே ஒரு நியாயத்தையும் சொல்ல வேண்டும்: கிருமியை வேகமாகக் கொல்வது அந்த அமிலம்தான். ஆக, சென்சார் சொல்வது பொய் இல்லை. தரநிலை கேட்கும் எண்ணாக அது இல்லை, அவ்வளவுதான்.

சென்சாரின் வழியே ஓடும் நீரின் வேகம் மாறினாலும் எண் மாறும். சவ்வில் பாசி படியும். பல நாள் குளோரின் இல்லாத தண்ணீரில் கிடந்தால் உணர்வு மழுங்கும். வாரம் ஒருமுறை டிபிடியில் அளந்து அதற்கு ஏற்பத் திருத்த வேண்டும். ஆக, ஆன்லைன் வாங்கினாலும் கலரிமீட்டர் தனியாக வாங்கத்தான் வேண்டும். ஒரு லட்சத்தைத் தாண்டும் கருவிக்கு, வருடாவருடம் சவ்வும் மின்கரைசலும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். டிபிடியையே தானாகக் கலந்து அளக்கும் ஆன்லைன் கருவிகளும் உண்டு. அவற்றுக்குப் பிஎச் தொல்லை குறைவு, ஆனால் மாதாமாதம் ரீஏஜென்ட் மாற்ற வேண்டும், கழிவும் வரும்.

ஓஆர்பி (தண்ணீரின் ஆக்சிஜனேற்றத் திறன்) மீட்டரைக் குளோரின் மீட்டர் என்று விற்கிறார்கள். அது மில்லிவோல்ட் அளக்கிறது. அதிலிருந்து பிபிஎம் சொல்ல முடியாது.

## எல்லாவற்றுக்கும் முன்னால், மாதிரி

மேலே சொன்ன எந்தக் கருவியையும் விடப் பெரிய தவறு குழாய்க்கும் குப்பிக்கும் நடுவே நடக்கிறது. குளோரின் மாதிரியைப் பாதுகாத்து வைக்க எந்த மருந்தும் இல்லை. வெயில் பட்டால் போகும், பாட்டில் சுவரின் அழுக்கோடு சேர்ந்து போகும், சும்மா வைத்தாலே போகும். பதினைந்து நிமிடத்துக்குள் அளந்தாக வேண்டும். "ரெண்டு மணி நேரம் பஸ்ஸில் கொண்டுவந்தேன், குளோரின் பார்த்துச் சொல்லுங்க" என்று வருபவர்களுக்கு நான் அளந்து சொல்வதில்லை. அந்த எண்ணுக்கு அர்த்தம் இல்லை.

இதைவிடக் கொடுமை ஒன்று நடந்தது. ஒரு ஊரில் பல வாரங்களாக எல்லாத் தெருவிலும் குளோரின் பூஜ்யம் என்று பதிவேட்டில் வந்துகொண்டிருந்தது. போய்ப் பார்த்தால், பாக்டீரியா பரிசோதனைக்குக் கொடுத்த சுத்திகரித்த பாட்டிலிலேயே குளோரினுக்கும் தண்ணீர் பிடித்திருக்கிறார்கள். அந்தப் பாட்டில்களில் குளோரினை அழிப்பதற்கென்றே சோடியம் தயோசல்பேட் போட்டு வைத்திருப்பார்கள். பாட்டிலின் அடியில் உப்பு மாதிரி கொஞ்சம் வெள்ளையாக ஒட்டியிருக்கும், அவ்வளவுதான். அந்த வாரங்களில் அந்தத் தெருக்களில் உண்மையில் எவ்வளவு இருந்தது என்று இனி யாருக்கும் தெரியப்போவதில்லை.

## ஒரே பார்வையில்

| முறை | எதைச் சொல்லும் | உகந்த அளவு | எங்கே தவறும் | மறைந்திருக்கும் செலவு |
|---|---|---|---|---|
| ஓ.டி. கிட் | பெரும்பாலும் டோட்டல் | இருக்கிறதா, இல்லையா | வெப்பம், இரும்பு, நைட்ரைட் | கையாள்பவரின் உடல்நலம் |
| டிபிடி கலரிமீட்டர் | ஃப்ரீ, டோட்டல் தனித்தனியாக | மாடலைப் பொறுத்து 2 அல்லது 5 பிபிஎம் வரை | மாங்கனீசு, மிகுந்த குளோரினில் வெளுத்தல் | மாத்திரை, குப்பி, சரிபார்ப்பு |
| அயோடோமெட்ரி | டோட்டல் | 1 பிபிஎம்முக்கு மேல், பவுடர், ஹைப்போகுளோரைட் | குறைந்த அளவுகளில் | நேரம் |
| டிபிடி டைட்ரேஷன் | ஃப்ரீ, குளோரமின் வகைகள் | குடிநீர் அளவு | மாங்கனீசு, பழைய கரைசல் | மாதாந்திரத் தரம்பார்த்தல் |
| ஆம்பெரோமெட்ரிக் | ஃப்ரீ, டோட்டல் | மிகக் குறைந்த அளவு முதல் | கலக்கும் வேகம், தாமிரம் | பழகிய ஆள், ஆர்சனிக் கழிவு |
| ஆன்லைன் சென்சார் | பெரும்பாலும் ஃப்ரீயில் ஒரு பங்கு | தொடர் கண்காணிப்பு | பிஎச், ஓட்டம், பாசி | வாராந்திரத் திருத்தம், உதிரி |

## மூவருக்கும் சொன்னது

குடியிருப்புச் செயலாளருக்கு: மலிவான டிபிடி கலரிமீட்டர் ஒன்று, குப்பிகள் நான்கு. சம்ப்பில் குளோரின் கலந்து அரை மணி நேரம் கழித்து ஒரு முறை, கடைசி பிளாக்கின் மேல்மாடிக் குழாயில் ஒரு முறை அளக்க வேண்டும். குழாயை இரண்டு மூன்று நிமிடம் ஓடவிட்டு, அங்கேயே நின்று அளக்க வேண்டும். அரை மணி நேரத் தொடர்புக்குப் பிறகு 0.5 இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை, அதுவும் பிஎச் 8க்குக் கீழே இருந்தால். வாங்குவதற்கு முன் அந்தப் போரின் மாங்கனீசை மட்டும் கூடத்தில் பார்த்துவிடச் சொன்னேன். மோட்டாரை இயக்குபவருக்கே கருவியைக் கொடுத்துப் பழக்குங்கள், செயலாளர் பீரோவில் பூட்டி வைக்க வேண்டாம்.

சுத்திகரிப்பு நிலையத்துப் பட்டதாரிக்கு: கலரிமீட்டரோடு ஒரு பியூரெட்டும் மோர் உப்பும். பிளீச்சிங் பவுடர் மூட்டை வந்த அன்றும், அப்புறம் மாதம் ஒருமுறையும் அயோடோமெட்ரி. ஆன்லைன் சென்சாருக்கு இந்த வருடம் பணம் கேட்க வேண்டாம் என்றேன். வாரம் ஒருமுறை அதைத் திருத்துவதற்கு ஆள் வந்தபிறகு கேட்கலாம். மழைக்காலத்தில் ஆற்றில் அமோனியா ஏறும்போது ஒரு கிலோ அமோனியா நைட்ரஜனைத் தீர்க்கவே ஏட்டளவில் 7.6 கிலோ குளோரின் போகும், நடைமுறையில் இன்னும் கூடுதலாகவே ஆகும். அந்த நாட்களில் கலரிமீட்டர் டோட்டலை உயர்த்தியும் ஃப்ரீயைத் தாழ்த்தியும் காட்டினால் கருவி கெட்டுவிட்டது என்று நினைக்காமல் டைட்ரேஷனில் பிரித்துப் பார்க்கச் சொன்னேன்.

டயாலிசிஸ் மையத்தவருக்கு: டோட்டல் குளோரின், 0.1 பிபிஎம் வரம்பு, அதையும் தெளிவாகக் காட்டும் குறைந்த அளவுக் கலரிமீட்டர். குளோரமின் ரத்தத்தில் கலந்தால் சிவப்பணுக்கள் உடையும், அதனால் ஓ.டி. கிட்டை அங்கே கொண்டுபோகவே கூடாது. அந்த அளவில் கருவியின் இயல்பான தடுமாற்றமே வரம்பில் பெரிய பங்கு ஆகிவிடும். ஒவ்வொரு முறையும் வடித்த நீரில் ரீஏஜென்ட் போட்டு வரும் எண்ணைக் கழித்துக்கொள்ள வேண்டும். இதற்கென்றே வரும் பரிசோதனைப் பட்டைகளை ஷிஃப்டுக்கு ஷிஃப்டு பயன்படுத்தலாம், ஆனால் காலாவதித் தேதி பார்த்து. ஒவ்வொரு ஷிஃப்டுக்கும் நோயாளிகளை இணைப்பதற்கு முன், எந்திரத்தைப் பதினைந்து நிமிடம் ஓடவிட்டு, குளோரினை நீக்கும் இரண்டு கார்பன் தொட்டிகளுக்கு நடுவே இருக்கும் குழாயில் மாதிரி எடுங்கள். அங்கே 0.1 தாண்டினால் முதல் தொட்டி களைத்துவிட்டது என்று அர்த்தம். இரண்டாவது தொட்டிக்குப் பின்னாலும் உடனே அளந்து, அங்கே வரம்புக்குள் இருந்தால் மட்டும் அந்த ஷிஃப்டை நடத்தலாம். முதல் தொட்டியின் கார்பனை மாற்றும் வரை ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை இரண்டாவதின் பின்னால் அளந்துகொண்டே இருங்கள்.